இரண்டு மில்லிமீட்டர் என்னுடையது

இந்த ஊரில் சட்டைக்குச் சரியாக அளவெடுக்கத் தெரிந்த தையற்காரர் ஒருவர்கூட இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் நான்கு பேரிடமும் தில்லை நகரில் ஆறு பேரிடமும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. நாடாவில் முப்பத்தெட்டு என்று படிப்பார்கள், நோட்டிலும் முப்பத்தெட்டு என்றே எழுதுவார்கள், வெட்டும்போது நாற்பத்தொன்றுக்கு வெட்டுவார்கள். கேட்டால், "கொஞ்சம் லூஸ் விட்டிருக்கேன் சார், பின்னாடி உதவும்" என்று பதில் வரும். எனக்கு வயது அறுபத்தேழு. பின்னாடி என்ன உதவப் போகிறது? அந்தச் சட்டைகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு காவிரிப் பாலத்தில் நின்றால் காற்று என்னை முக்கொம்பில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, டாக்டர் பிரேமலதா அம்மா. துறையூர் மருதையின் கீழுதடு மரத்துப்போன விவகாரத்தை விசாரிக்கும் உங்கள் குழு எனக்கு நேற்று அறிக்கையின் நகல் ஒன்றை அனுப்பியது. அதன் நான்காம் பக்கத்தில் ஒரு வரி: "ஸ்கேன் மையத்தின் அளவீட்டுப் பிழை, 2.6 மில்லிமீட்டர்." அதை எழுதியவர் யாரோ, அவருக்கு நல்ல தையற்காரராகும் தகுதி இருக்கிறது. அந்த ஒரு வரியைத் திருத்துவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. காலையில் குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி: பெயர் ரெங்கராஜ். துவாக்குடிப் பக்கம் கொதிகலன் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் வெல்டிங் மூட்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவன். குழாய்ச் சுவருக்குள் ஊசி முனையளவு காற்றுக் குமிழி இருந்தாலும் கண்டுபிடித்து, எழுதி, அந்தக் குழாயைத் திருப்பி அனுப்பிவிடுவேன். வெல்டர்கள் என்னைக் கண்டால் அடுத்த மாவட்டத்துக்கு ஓடுவார்கள். மேலதிகாரிகள் என் கையெழுத்தைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். இதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் ஓய்வுபெற்ற நாளன்று பேசிய ஒன்பது பேரில் எட்டுப் பேர், "ரெங்கராஜ் அளவு என்றால் அளவு" என்று சொன்னது மிகையல்ல. ஒன்பதாவது ஆள் சாப்பாடு ஆறுகிறது என்று சொன்னார்.

ஓய்வுக்குப் பிறகு தில்லை நகரில் ஒரு பல் ஸ்கேன் மையத்தில் சேர்ந்தேன். தில்லை நகரில் இப்போது வீட்டுக்கு இரண்டு பல் மருத்துவர்கள். மூன்றாவது வீட்டில் இருப்பவர் படித்துக்கொண்டிருக்கிறார். பல் விழுந்த இடத்தில் டைட்டானியத் திருகு ஒன்றை வேர் மாதிரி எலும்பில் முடுக்கி, அதன்மேல் பல்லைப் பொருத்துவார்கள். அந்தத் திருகைத்தான் இம்ப்ளான்ட் என்கிறோம். கீழ்த்தாடைக்குள் மெல்லிய குழாய் ஒன்று ஓடுகிறது. அதன் வழியேதான் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு போகிறது. எலும்பின் விளிம்பிலிருந்து அந்தக் குழாயின் கூரை வரை எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியாமல் துளை போடுவது, சுவருக்குள் மின்கம்பி ஓடுவது தெரியாமல் ஆணி அடிப்பது மாதிரி. அந்தத் தூரத்தைச் சொல்வதுதான் எங்கள் மையத்தின் வேலை. நோயாளியின் தலையைச் சுற்றிக் கருவி ஒரு வட்டம் அடிக்கும். பதினாலு நொடி. அப்புறம் திரையில் தாடையை ரொட்டித் துண்டு மாதிரி அறுத்து அறுத்துப் பார்க்கலாம். குழாயை நான் குறிப்பேன், தூரத்தை நான் அளப்பேன், ரிப்போர்ட்டை நான் அடிப்பேன். கையெழுத்துப் போட ஒரு டாக்டர் சனிக்கிழமைதோறும் வருவார். அவருடைய பேனாவுக்கு எல்லாம் தெரியும், அவருக்கு ஒன்றும் தெரியாது.

கருவியை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. கறிக்கடையில் ஆட்டுத் தாடை நான்கு வாங்கி, வேகவைத்து, சதையை எடுத்து, மொட்டை மாடியில் காயப்போட்டேன். அந்த ஒரு வாரமும் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. எங்கள் வீட்டில் ஏதோ பில்லி சூனியம் நடப்பதாக உத்தர வீதி முழுக்கப் பேச்சு. தாடையை ஸ்கேன் செய்தேன், பிறகு ரம்பத்தால் அறுத்து வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். திரை சொன்னதற்கும் எலும்பு சொன்னதற்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர். நான்கு தாடையிலும் அதேதான். தில்லை நகரில் எந்த மையத்தில் இப்படி ஒருவன் செய்திருக்கிறான் என்று விசாரியுங்கள். செய்திருக்க மாட்டான். கருவி விற்றவன் தந்த காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டி, அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்திருப்பான்.

இப்போது டாக்டர் மன்சூர் கதைக்கு வருகிறேன். எங்கள் மையத்திலிருந்து மூன்றாவது குறுக்குத் தெருவில் அவருடைய கிளினிக். நல்ல பையன், கை சுத்தம், பேச்சு மரியாதை. ஒருநாள் வந்தவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"நீங்க பதினாலுன்னு போட்டிருந்தீங்க சார். நான் பன்னெண்டுன்னு வச்சுக்கிட்டேன். அதான் சின்ன சைஸா போட்டுட்டேன்."

"ஏன் தம்பி, என் அளவு தப்பா?"

"யா அல்லாஹ், அப்படிச் சொல்வேனா? யாரு ரிப்போர்ட் குடுத்தாலும் ரெண்டு மில்லி கழிச்சுருவேன் சார். நிக்கிறவர் லேசா அசைஞ்சிருக்கலாம், குறிக்கிற கண்ணு கொஞ்சம் ஏமாறலாம், ட்ரில்லு என் கையில ஒரு முடி இறங்கலாம். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு இன்சூரன்ஸ். எல்லாருமே அப்படித்தான் சார் பண்ணுவோம்."

நான் சிரித்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் போன பிறகு அந்த ஸ்கேனைத் திறந்து மறுபடி அளந்தேன், பதினாலேதான். கண் ஏமாறலாமாம். முப்பத்துநான்கு வருடம் குமிழி பிடித்த கண். இரண்டு மில்லிமீட்டர் என்பது என்னிடம் சின்ன விஷயமா? இரண்டு மில்லிமீட்டரில் நான் ஒரு லாரி நிறையக் குழாயைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் உயிரைக் கொடுத்துப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குச் சரியாக அளந்து தருவேன். இவர் அதை வாங்கி, மூலையில் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சாப்பிடுவார். மற்ற டாக்டர்களும் கழித்திருப்பார்கள், தெரியும். ஆனால் அவர்கள் யாரும் அதை என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. டீயும் குடிக்கவில்லை.

அதனால் மன்சூருக்குப் போகும் ரிப்போர்ட்டுகளில் மட்டும் கொஞ்சம் சேர்க்கத் தொடங்கினேன். எடுத்த எடுப்பில் இரண்டு சேர்க்கவில்லை. நான் முரடன் அல்ல. முதலில் அரை மில்லிமீட்டர், தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாளுக்கு. ஒன்றும் ஆகவில்லை. அடுத்தவருக்கு ஒன்று. பிறகு ஒன்றரை. ஐந்தாவது ஆளிலிருந்து இரண்டு. அவர் கழிப்பார், நான் சேர்த்திருப்பேன், கடைசியில் என் அளவு எதுவோ அதுவே நிற்கும். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? ஏழு மாதத்தில் இருபத்துமூன்று தாடைகள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை நீங்கள் அறிக்கையில் சேர்க்க வேண்டும். திருகுகள் கடையில் எட்டு, பத்து, பதினொன்றரை, பதிமூன்று என்று குறிப்பிட்ட நீளங்களில்தான் வரும், அளவுக்குச் சரியான நீளம் இல்லாவிட்டால் டாக்டர்கள் அதற்கு அடுத்த சின்னதை எடுப்பார்கள், அதனால்தான் அவர்கள் தப்பினார்கள் என்று உங்கள் குழு சொல்லக்கூடும். சொல்லட்டும். ஒவ்வொருவரும் நன்றாக இருப்பதைக் கேள்விப்படும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத்தில் சொல்ல முடியாது. ராத்திரி சாப்பாடு கூடுதலாக இறங்கியது. அந்த இரண்டு மில்லிமீட்டர் வெறும் பயம் என்று இருபத்துமூன்று பேர் வாயால் நிரூபித்திருந்தேன்.

இருபத்துநாலாவது மருதை.

துறையூர் மண்டியில் சின்ன வெங்காய ஏலம் கூறுகிறவர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் யானைக் குரல். ஒரு மூச்சில் நாற்பது விலை சொல்வாராம். அவர் ஏலத்தைத் தொடங்கினால் பெரம்பலூரில் வெங்காய விலை ஏறும் என்று அவர் மனைவி இருளாயி சொன்னார். கருவியில் அவரை நிறுத்தி, மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னேன்.

"பதினாலு செகண்டு பேசக் கூடாது, எச்சில் முழுங்கக் கூடாது, அசையக் கூடாதுங்க."

"பதினாலு செகண்டுல நான் பதினாலு மூட்டை வித்துருவேன் சார்."

"வாய மூடுய்யா, அதுக்குத்தான் அவரு சொல்றாரு" என்றார் இருளாயி. என்னிடம் திரும்பி, "கட்டிக்கிட்டு வந்து முப்பது வருசமாச்சு சார், இவரு வாயி பதினாலு செகண்டு சும்மா இருந்து நான் பார்த்ததில்ல. அந்தப் படத்துல எனக்கு ஒரு காப்பி குடுங்க, வீட்ல மாட்டி வைக்கணும்."

மருதை நின்றார். நான் பார்த்ததிலேயே அப்படி நின்றவர் கிடையாது. கோயில் தூண் அசைந்தாலும் அசையும், அவர் அசையவில்லை. தொண்டைக்குழியைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒருமுறைகூட ஏறி இறங்கவில்லை. படம் கண்ணாடி மாதிரி வந்தது. என் ஆட்டுத் தாடைகளே அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. வெளியே வந்ததும், "எப்படிங்க?" என்றார். "முதல் மார்க்" என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல், அந்த ஒன்றைத் தவிர.

குழாயின் கூரை வரை 13.0 என்று அளந்தேன். 15.0 என்று அடித்தேன். மன்சூர் இரண்டைக் கழித்தார். பதிமூன்று நீளத்தில் திருகு கடையிலேயே கிடைக்கிறது. இந்த முறை சின்னதைத் தேட அவசியம் இல்லை. திங்கள்கிழமை காலை பதினொன்றரைக்கு அதை முடுக்கினார்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு மன்சூர் தன் ஸ்கூட்டரில் மருதையைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தார். மரத்துப்போகப் போட்ட ஊசி மருந்து திங்கள் சாயங்காலமே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. காலையில் டீ குடிக்கும்போது மருதைக்குச் சூடு தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டது இருளாயி ரத்தத்தைப் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. மன்சூரின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் ஆள் தெளிவாகப் பேசினார்.

"இன்னொரு ஸ்கேன் எடுங்க சார். குழாயைத் தொட்டிருக்கான்னு மட்டும் சொல்லுங்க. தொட்டிருந்தா இப்பவே, பத்து நிமிஷத்துல கழட்டிடறேன். முதல் நாள்லயே எடுத்துட்டா நரம்பு பொழச்சு வர நிறைய சான்ஸ் இருக்கு. நாள் போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எடுத்தேன். உலோகம் பக்கத்தில் இருந்தால் படத்தில் கொஞ்சம் வெளிச்சக் கீற்று அடிக்கும், எல்லை மங்கும். எனக்கு மங்கவில்லை. திருகின் நுனி குழாயின் கூரையை உடைத்துக்கொண்டு அரை மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே நின்றது. உண்மையைச் சொல்கிறேன், அழகான படம். என் மனத்தில் முதலில் வந்தது, பார்த்தாயா, பையன் கை இறங்கிவிட்டது என்பதுதான். என் அளவுப்படி நுனி கூரையில் தொட்டும் தொடாமலும் நின்றிருக்க வேண்டும்.

அடுத்து வந்தது இன்னொன்று. தொட்டிருக்கிறது என்று எழுதினால் மன்சூர் திருகைக் கழற்றுவார். கழற்றிவிட்டு, எப்படித் தொட்டது என்று பழைய ஸ்கேனைத் திறப்பார். பதினைந்து என்று நான் அடித்ததைத் திரையில் தானே அளந்து பார்ப்பார். ரெங்கராஜ் தப்பாக அளந்துவிட்டான் என்று முடிவு கட்டுவார். நான் வேண்டுமென்றே சேர்த்தேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கண் ஏமாந்துவிட்டது என்றுதான் நினைப்பார். மூன்றாவது குறுக்குத் தெரு முழுக்கச் சொல்வார்.

ஸ்கேனில் அதற்குப் பக்கத்துத் துண்டுப் படம் ஒன்றை எடுத்தேன். அதில் நுனி சரியாகத் தெரியாது, வெளிச்சக் கீற்றுத்தான். அதை அச்சடித்து, கீழே அடித்தேன்: "நரம்புக் குழாயிலிருந்து 1.2 மி.மீ. இடைவெளி உள்ளது."

மன்சூர் காகிதத்தைப் பார்த்தார். கையை நெஞ்சில் வைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மருதையின் தோளைத் தட்டி, "தொடலண்ணே. வீக்கம்தான். மாத்திரை போட்டா தானா சரியாயிரும்" என்றார். என்னிடம், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார்.

இந்த இடத்தில் உங்கள் கவனத்தை ஒன்றுக்குத் திருப்ப விரும்புகிறேன், அம்மா. என் அளவிலிருந்து அவர் எதையும் கழிக்காமல் போனது அன்று ஒருநாள்தான். வழக்கப்படி 1.2-இலிருந்து இரண்டைக் கழித்திருந்தால், குழாய்க்குள் 0.8 இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்கும். அங்கேயே கழற்றியிருப்பார். யாரையும் நம்பாத கொள்கை உள்ளவர் அந்தக் கொள்கையில் ஒரு நாள் தவறினார். அதற்கு நான் பொறுப்பாக முடியுமா? ஆனாலும், மறைப்பானேன், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்ற வார்த்தை எனக்கு இனித்தது. அன்று சத்திரம் பேருந்து நிலையம் வரைக்கும் நடந்தே போனேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடமும் கிடைத்தது.

ஐந்து மாதம் ஆகிவிட்டது. உதட்டுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. மண்டியில் மருதை ஏலம் கூற எழுந்தால், கூட்டத்தில் எவனாவது, "துண்டெடுத்துத் தொடைச்சுக்கிட்டு விலை சொல்லு மாமா" என்கிறானாம். முப்பது, ஐம்பது என்று உதடு ஒட்டி வரும் விலைகள் நழுவிப் போகின்றனவாம். மண்டி முதலாளி அவரை ஏலத்திலிருந்து எடுத்து மூட்டைகளை எடை போடும் இடத்தில் நிறுத்திவிட்டார். எடை போடுவது மரியாதையான வேலைதான், நானும் அந்தக் குலத்தைச் சேர்ந்தவன்தான். இருளாயி உங்கள் குழுவின் முன் சொன்னதைப் படித்தேன்: "இப்பல்லாம் வீட்ல அந்தாளு பேசறதே இல்லைங்க. வாயி சும்மா இருக்கணும்னு நான் சொன்னது விளையாட்டுக்குங்க." சாட்சி சொல்லும்போது சம்பந்தமில்லாததை இழுக்கக் கூடாது என்று அந்த அம்மாளுக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

மன்சூர் கிளினிக்கைப் பூட்டிவிட்டார். குவைத்தில் மாமா வீட்டுக்குப் போகப் பார்க்கிறார் என்று கேள்வி. பதினைந்து என்று ரிப்போர்ட் இருந்தும் எப்படி இறங்கியது என்று முதலில் அவர் கையைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். நானும் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது குற்றமா என்ன? பிறகு நீங்கள் பழைய ஸ்கேனை வாங்கி, இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து மறுபடி அளக்கச் சொன்னீர்கள். இருவருக்கும் 12.4 என்றே வந்ததாம். திருகு எலும்பில் சரியாகப் பதிமூன்றுதான் இறங்கியிருக்கிறது, டாக்டர் கையில் பிசகு இல்லை என்று எழுதினீர்கள். நான் அடித்தது 15.0, இருப்பது 12.4, ஆக ஸ்கேன் மையத்தின் அளவீட்டுப் பிழை 2.6.

பிழை. இந்த வார்த்தையோடு நான் சாக விரும்பவில்லை. தட்டச்சில் கை தவறியிருக்கலாம், வயதாகிவிட்டது, பார்வை குறைந்திருக்கலாம் என்று வேறு அடுத்த பத்தியில் பரிவோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பரிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, சுயநினைவோடு எழுதிக் கொடுக்கிறேன்: இரண்டு மில்லிமீட்டரை நான் சேர்த்தேன். வேண்டுமென்றே சேர்த்தேன். 1.9 அல்ல, 2.1 அல்ல, சுத்தமாக 2.0. முதல் நான்கு பேருக்கு அதைவிடக் குறைவு, மொத்தம் இருபத்துநாலு பேருக்குச் சேர்த்தேன். திருகு நரம்புக் குழாயில் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, காப்பாற்ற நேரம் இருந்தபோதே, தொடவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். இதில் எந்த இடத்திலும் என் கை தவறவில்லை, கண் ஏமாறவில்லை. என்ன தண்டனை உண்டோ கொடுங்கள். ஆனால் நான்காம் பக்கத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

மிச்சம் 0.6 இருக்கிறது என்பீர்கள். அது என்னுடையதல்ல. நான் பதிமூன்று என்று அளந்தால் பதிமூன்றுதான். நேற்று முழுக்க யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு காரணம் இருக்க முடியாது. அந்தப் பதினாலு நொடியில் மருதை அசைந்திருக்க வேண்டும், அல்லது எச்சில் விழுங்கியிருக்க வேண்டும். அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள். வார்த்தை கொஞ்சம் ஒழுகும், பொறுமையாகக் கேட்டால் உண்மையைச் சொல்வார்.